காலை பத்து மணிக்கும் லுங்கியில்

“வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. பத்து மணிக்கும் லுங்கியோடு சோபாவில் கிடக்கிறார். ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால்கூட, ‘பார்க்கலாம்’ என்கிறார். முன்பு ஆபீஸ் போகிற வழியிலேயே நாலு வேலை முடிப்பார். சோம்பேறியாகிவிட்டாரா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்றொரு ஆலை ஊர். 1930 வாக்கில் ஆலை மூடப்பட, ஊரே வேலை இழந்தது. ஆய்வாளர் மாரி யஹோடாவும் அவருடைய கூட்டாளிகளும் அங்கு போய்ப் பார்த்ததை 1933-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். ஓய்வு கிடைத்த ஆண்கள் நிறையப் படித்திருக்க வேண்டும் அல்லவா? நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நூறு ஆண்களில் 88 பேர் கடிகாரம் கட்டிக்கொள்ளாமலே திரிந்தார்கள். வெட்டியாக இருந்தும் சாப்பாட்டுக்கு நேரத்துக்கு வருவதில்லை என்று மனைவிமார் அலுத்துக்கொண்டார்கள். பெண்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. அடுப்படிக்கு ஏது கதவடைப்பு!

சம்பளத்தோடு வேறு சிலவற்றையும் வேலை தருகிறது என்று யஹோடா பின்னாளில் எழுதினார்: நாளுக்கு ஒரு கட்டுக்கோப்பு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்யும் நிறைவு, ‘நான் இன்னார்’ என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம், கை ஓயாத பழக்கம். உங்கள் கணவர் இழந்தது இவை அத்தனையையும். பணத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் மற்றது கண்ணில் படாது.

எனவே முதலில் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுங்கள். குளித்து, சட்டை மாட்டி, ஒன்பதரைக்கு வீட்டைவிட்டு வெளியே. நூலகமோ நண்பரின் கடையோ, எதுவானாலும் சரி. எடுபிடி வேலைகளை அவர் தலையில் கட்டாதீர்கள். “சும்மாதானே இருக்கீங்க” என்ற தொனி அதில் தானாக வந்துவிடும். மகளின் கணக்குப் பாடம் போல முழுப் பொறுப்பாக ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். அவர் செய்கிற விதம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். போகட்டும்.

“ஏதாவது வந்துச்சா?” என்று தினமும் கேட்பதை நிறுத்துங்கள். ஞாயிறு மாலை அரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்குங்கள். வரவு செலவையும் அப்போதே பேசிவிடலாம். பிள்ளைகளும் கூட இருக்கட்டும். வீட்டில் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்.

இன்னொன்று அவர் தனியாகச் செய்ய வேண்டியது. அமெரிக்காவில் வேலை இழந்த பொறியாளர்களை வைத்து 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேலை போனதைப் பற்றி மனதில் இருப்பதையெல்லாம் நாளுக்கு 20 நிமிடம், ஐந்து நாள் எழுதியவர்கள் மற்றவர்களைவிட விரைவில் வேலையில் சேர்ந்தார்கள். அதிக விண்ணப்பம் போட்டதால் அல்ல. நேர்காணலில் பழைய கோபம் எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். நீங்கள் அதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது.

இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, குடி கூடுகிறது என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மானஸ் உதவி எண். எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பேசுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள்.

அடுத்த வாரம் வளைகாப்புக்குப் போக அவர் மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். “இப்ப எங்க இருக்கீங்க?” என்று அங்கே யாராவது கேட்பார்கள், அந்தப் பயம்தான். பதிலை இன்றே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். “அந்தக் கம்பெனி முடிஞ்சுது, வேற பார்த்துட்டிருக்கேன்.” இவ்வளவு போதும். அதை அவர் வாயால் சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொண்டு, “லீவுல இருக்கார்” என்று சொல்லிவிடாதீர்கள்.