தோட்டத்தில் கண்ட பாம்பு எது?

வேலியோரத்திலோ கிணற்று மேட்டிலோ பாம்பொன்று தென்பட்டால் நம்மவர் முதலில் தேடுவது கம்பைத்தான். “இஃது என்ன பாம்பு?” என்ற வினா, அதனை அடித்துப் போட்ட பின்னரே எழுகின்றது. இவ்வரிசையை மாற்றுவதே இப்பாடத்தின் நோக்கம்.

இது வீண் ஆராய்ச்சியன்று. 2000 முதல் 2019 வரையுள்ள காலத்தில் இந்தியாவில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் கிராமவாசிகள். வயலில் கை வைப்போரும் தறிக்குழியில் கால் வைப்போருமாகிய நம் அங்கத்தினர்க்கு இது சொந்தக் கவலை.

அறிய வேண்டிய நான்கு

நம் நாட்டில் பாம்புக்கடி மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நால்வகைப் பாம்புகளே.

1. நல்லபாம்பு: படம் எடுத்தால் ஐயமே இல்லை. ஆயினும் ஓடும்போது அது படம் எடுப்பதில்லை. அப்பொழுது சாரையையும் அதனையும் பலர் குழப்பிக் கொள்கின்றனர். சாரைக்குக் கண் பெரிது; உதட்டோரம் கறுப்புக் கோடுகள் உண்டு; படம் கிடையாது. நல்லபாம்பும் சாரையும் பிணைவதாகச் சொல்லப்படும் காட்சி, பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் வலிமை பார்க்கும் மல்யுத்தமே.

2. கட்டுவிரியன்: பளபளக்கும் கருநிற உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள், பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். அவை வாற்பக்கம் தெளிவாகவும் கழுத்துப்பக்கம் மங்கியும் காணப்படும். நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனுக்கு இதற்கு நேர்மாறாகக் கழுத்தருகே பட்டைகள் தெளிவாக இருந்து, வாலை நோக்கி மங்கிப் போகும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்திருப்போரைக் கடிப்பது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இராது. இரவு தரையில் உறங்கியவர் விடியலில் வயிற்றுவலியும் இமைத் தொய்வும் கண்டு எழுந்தால், கடிவாய் தெரியாவிடினும் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

3. கண்ணாடி விரியன்: தடித்த உடல், முக்கோணத் தலை, முதுகில் சங்கிலி கோத்தாற்போல் மூன்று வரிசை நீள்வட்டப் புள்ளிகள். துருத்தி ஊதுவதுபோல் உரக்கச் சீறும். தீங்கற்ற மண்ணுளிப் பாம்பிலும் திட்டுக்கள் உண்டு; ஆனால் அவை ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். மண்ணுளியின் வால் குட்டையாகவும் மழுங்கியும் இருக்கும்.

4. சுருட்டை விரியன்: சிறியது, ஆதலால் அலட்சியத்துக்கு உள்ளாவது. வறண்ட நிலத்திலும் கல்லடியிலும் இருக்கும். தலைமேல் அம்புக்குறி போன்றதோர் அடையாளமும், பக்கவாட்டில் அலைபோன்ற வெளிர் கோடும் உண்டு. உடலைச் சுருட்டித் தேய்த்து அரம் உரசுவது போன்ற ஒலி எழுப்பும்.

பழி சுமக்கும் பாம்புகள்

சாரை எலிக்கு எமன். ஆகவே உழவனுக்கு நண்பன். தண்ணீர்ப்பாம்பு சினத்தால் கழுத்தைத் தட்டையாக்கும், கடிக்கவும் செய்யும், எனினும் அதற்கு நஞ்சில்லை. கொம்பேறிமூக்கன், கடிபட்டவன் சிதைப்புகையைக் காண மரமேறும் என்பது கட்டுக்கதை. அதனால் மனிதர்க்கு ஆபத்தில்லை. பச்சைப்பாம்பு கண்ணைக் குறிவைத்துக் கொத்தும் என்பதும் அவ்வாறே. அதன் மென்னஞ்சு மனிதரைக் கொல்லாது.

எவ்வாறு நோக்குதல்?

பத்தடிக்கு அப்பால் நின்று நோக்குக. நிறத்தை மட்டும் நம்பற்க; ஒரே இனத்திலும் நிறம் மாறும். பட்டை எங்கே தெளிவு, புள்ளி எத்தனை வரிசை, தலை எவ்வடிவம், வால் கூரியதா மழுங்கியதா என இம்முறையில் பார்க்க. உறுதி ஏற்படாவிடின் நச்சுப்பாம்பு என்றே கொள்க. உறுதி தேடி அருகே செல்வது ஆபத்து. வீட்டினுள் புகுந்திருந்தால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ அறிவிக்க. நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சாரை முதலியவற்றைக் கொல்வது 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

கடிபட்டால்

பாம்பைத் தேடி அடித்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டுவதில்லை. நம் நாட்டு நச்சுமுறி மருந்து மேற்சொன்ன நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது. மருத்துவர் குறிகளைக் கண்டும் இரத்தம் உறைவதைச் சோதித்தும் முடிவு செய்வார். கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகியன கூடா. மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றுக. கடிபட்ட உறுப்பை அசையாதபடி வைத்து, நோயாளியை நடக்கவிடாமல், 108 வண்டியையோ கிடைத்த வாகனத்தையோ கொண்டு அரசு மருத்துவமனைக்கு விரைக. மந்திரத்தில் கழியும் ஒரு மணி, உயிரின் விலை.

அங்ஙனமாயின் அடையாளம் அறிவது எதற்கு எனின், கடிக்கு முன்னர்ப் பயன்படுவதற்கே. எவ்விடத்தில் எது பதுங்கும் என்றறிந்தவன் அங்கே வெறுங்கை வையான். எலி தின்னும் சாரையையும் வீணே கொல்லான்.

நம் கடமைகள்

கஞ்சிமாவும் நெல்லும் எலியை அழைக்கும். எலி பாம்பை அழைக்கும். ஆகவே நூல் கிடங்கையும் களஞ்சியத்தையும் எலி புகாதவாறு அடைத்து வைத்தல் முதற்காவல். குழித்தறியில் இறங்குமுன் குழிக்குள் விளக்கடித்துப் பார்க்க. வைக்கோற் போரிலும் விறகடுக்கிலும் கைவிடுமுன் கோலால் தட்டுக. இரவில் விளக்கின்றி நடவற்க. தரையில் படுப்போர் கொசுவலையைப் பாயின் கீழ்ச் செருகிக்கொள்க.

நமக்கு முன்மாதிரியாக ஒரு கூட்டுறவுச் சங்கமே உண்டு. பாம்புத்தோல் வாணிகம் சட்டத்தால் தடைப்பட்டு வாழ்விழந்த இருளர் மக்கள், மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். பாம்புகளைப் பிடித்து, மட்பானைகளில் வைத்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுவதே அவர்கள் தொழில். நச்சுமுறி மருந்து செய்வோர்க்கு அந்நஞ்சு மூலப்பொருள். இருளர் பாம்பு வல்லுநர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கண்டவுடன் கொல்லாமல் கண்டு அறிந்தவர்களின் உழைப்பே மருந்தாகி, நம் அங்கத்தினர் உயிரைக் காக்கின்றது.

அடுத்த அங்கத்தினர் கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்:

1. கட்டுவிரியனையும் வெள்ளிக்கோல் வரையனையும் எவ்வாறு பிரித்தறிவோம்?

2. நச்சுமுறி மருந்து இருப்பிலுள்ள அரசு மருத்துவமனை நமக்கு எத்தனை மைல்? இரவில் வாகனம் தருவோர் யாவர்?

3. நம் சங்கக் கிடங்கில் எலி புகும் வழிகள் எவை?

இரண்டாம் வினாவுக்கு உரிய விடையைப் பெரிய எழுத்தில் எழுதிச் சங்க அலுவலகச் சுவரில் ஒட்டி வைப்பது செயலாளரின் பொறுப்பாகும்.