பிக்கெட் போலீஸ் போன பிறகு

கேள்வி: என் அப்பா 1988-இல் யாழ்ப்பாணத்தில் அமைதிப்படையில் இருந்தவர். "சமாதானம் பண்ணப் போனோம், சண்டை போட்டுட்டு வந்தோம்" என்பார், அதற்குமேல் பேசமாட்டார். இப்போது பக்கத்து ஊரில் சாதித் தகராறு. பிக்கெட் போட்டு, சமாதானக் கூட்டமும் முடிந்தது. பிள்ளைகள் மட்டும் பஸ்ஸில் சேர்ந்து உட்காருவதில்லை. வெளியிலிருந்து வரும் படையால் அமைதி வருமா?
வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: சண்டை நிற்கும், அதுவும் சண்டைக்காரர்கள் சம்மதித்தால். ஐ.நா.வின் நீலத் தொப்பிப் படைக்கு முதல் விதியே அந்தச் சம்மதம்தான். பக்கம் சாயாமை, தற்காப்புக்கும் கொடுத்த பொறுப்பைக் காக்கவும் தவிரச் சுடாமை எல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் அப்பா போனது ஐ.நா. படையில் அல்ல, இந்திய அமைதிப்படையில். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும். துப்பாக்கி வைத்திருந்த விடுதலைப் புலிகளின் கையெழுத்து அதில் இல்லை; அவர்களிடம் ஆயுதத்தை வாங்கும் வேலை மட்டும் நம் படையின் தலையில். அக்டோபரில் போர் மூண்டது. கபடியில் நடுவரே கோட்டைத் தாண்டிப் பாடிப் போய்விட்டால் விசில் ஊத யார் இருக்கிறார்கள்? அந்தத் தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் டாக்டர்களும் சுடப்பட்டார்கள். நம் பக்கம் ஏறத்தாழ 1,200 வீரர்கள் மாண்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. அப்பாவின் மௌனத்தில் இதெல்லாம் இருக்கலாம்.

ஒப்பந்தம் சொன்ன அதிகாரப் பகிர்வுதான் மெய்யான வேலை. வட மாகாண சபைக்கென்று முதல் தேர்தல் நடந்ததே 2013-இல்தான்!

நம்மூருக்கு வருகிறேன். 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரர் வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைக்க, தென்மாவட்டங்களில் கலவரம். அரசு எல்லாக் கழகங்களிலும் மாவட்டங்களிலும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆனது அப்படித்தான். பஸ்ஸில் பெயர் அழிந்தது. பையன்கள் கையில் சாதியைக் காட்டும் கயிறு ஏறியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டான். பிடிபட்டவர்கள் கூடப் படித்த பையன்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் கயிற்றுக்குத் தடை கேட்டது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னது. நல்ல பரிந்துரைதான். கயிற்றை ஒரு கத்தரிக்கோல் வெட்டிவிடும், வீட்டில் பேசுகிற பேச்சை என்ன செய்வது?

சமாதானக் கூட்டங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். தாலுகா ஆபீஸில் ஆளுக்கொரு பெஞ்சு, நடுவில் ஆர்.டி.ஓ. எழுதி வைத்த தாளில் இரு தரப்பும் கையெழுத்து. வெளியே வந்ததும் இவர்கள் ஒரு டீக்கடை, அவர்கள் எதிர்த்த டீக்கடை. எனக்கு ஆகாதது இன்னொன்று: "ஊர் அமைதிக்காக" என்று அடிபட்டவனையே புகாரை வாபஸ் வாங்கச் சொல்வது. அடித்தவனுக்கு அது லாபம்; அடிபட்டவன் மறுநாள் அதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

பிக்கெட் என்பது வாங்கிக் கொடுத்த அவகாசம், அவ்வளவுதான். அதற்குள் வழக்கு நகர்கிறதா என்று பாருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவாகியிருந்தால் 60 நாளில் குற்றப்பத்திரிகை போட வேண்டும். நிவாரணத் தொகையும் கட்டம் கட்டமாக வர வேண்டும். இதையெல்லாம் பார்க்க ஆட்சியர் தலைமையில் விழிப்புக் கண்காணிப்புக் குழு ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. திருநெல்வேலி கொக்கிரகுளம் போகிறவர்கள் யாராவது இருந்தால், அடுத்த கூட்டம் என்றைக்கு என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வரச் சொல்லுங்கள்.