கற்பிட்டியில் கடை திறந்த தம்பிக்கு



கண்டக்குளிப் பக்கம் கடலைப் பார்த்து நாலைந்து மேசை போட்டு, மீனும் நண்டும் குளிர்ந்த பியரும் விற்கத் தொடங்கிவிட்டீர்கள். முதல் சீசனிலேயே மூன்று விதமான ஆட்களிடம் அகப்பட்டும்விட்டீர்கள். கொழும்பிலிருந்து வேனில் வந்து இறங்கும் குடும்பம் "விலை சரியான கூட" என்கிறது. காற்றுக் காலத்தில் கைட் ஓட்ட வரும் வெள்ளைக்காரர், சாப்பாடு நல்லது, ஆனால் ஒரு மணித்தியாலம் காக்க வைத்தார்கள் என்கிறார். பக்கத்து மீன் வாடிக்காரர் வாய் திறப்பதே இல்லை. இறாலைப் பீங்கானின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு எழும்பிப் போகிறார்.

முதலில் அந்த வாடிக்காரர். கடைக்கு வருகிறவர்களில் மிகக் கடுமையான நீதிபதி அவர்தான். காலையில் கரையில் இறால் என்ன விலைக்குப் போனது, எந்த வள்ளம் எத்தனை மணிக்கு வந்தது, எது ரெஜிஃபோம் பெட்டியில் இரண்டு நாள் ஐஸோடு கிடந்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். அவரிடம் கருத்துக் கேட்டால் "நல்லம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போவார். ஆகவே வாயைக் கேட்க வேண்டாம், எச்சில் பீங்கானைப் பார்க்க வேண்டும். பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு மத்தியானம் நின்று பார்க்கிற சமையல்காரருக்கு, எந்தச் சம்பல் தொடப்படாமல் திரும்புகிறது, எந்த மீன் பாதியில் நிற்கிறது என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும்.

பேசுகிறவர்களின் கதை வேறு. விலை, கவனிப்பு, ருசி என்று அவர்கள் தனித்தனியாகச் சொன்னாலும், அந்த முறைப்பாடுகளில் பெரும்பகுதி ஒரே ஊற்றிலிருந்து வருகிறது. முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒன்றைக் கடைக்காரர் பில்லோடு சேர்த்துச் சொல்கிறார்.

நண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைக் களப்புகளில் பிடிபடும் நண்டில் உயிருள்ள, கனமான, இரண்டு கொடுக்கும் முழுசாக உள்ளவை பெரும்பாலும் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிடும். அங்கே சில்லி கிராப் கடைகளில் இலங்கை நண்டு என்று பெயர் சொல்லியே விற்கிறார்கள். கழித்து விடப்பட்டவை உள்ளூர்ச் சந்தைக்கு வரும். அவற்றில் ஓடு கழற்றிச் சில நாளே ஆன தண்ணீர் நண்டும் இருக்கும். நண்டைப் புரட்டி, வயிற்றுப் பக்கத்து ஓட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தால் புதைந்து கொடுக்கும். தராசு அதற்கும் முக்கால் கிலோ என்றே காட்டும். சட்டியில் ஏறி இறங்கிய பிறகு கொடுக்கை உடைத்தால் உள்ளே நூல் நூலாகக் கொஞ்சம் சதைதான் மிஞ்சும். கொழும்புக் குடும்பம் "விலை கூட" என்று சொன்னபோது மேசையில் என்ன நண்டு இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அதே இன நண்டைக் கொழும்பில் எத்தனையோ மடங்கு விலைக்கு விற்கிறார்கள். 2011 டிசம்பரில் பழைய டச்சு ஹொஸ்பிற்றல் கட்டடத்தில் சமையல் கலைஞர் தர்ஷன் முனிதாச, கிரிக்கெட் வீரர்கள் குமார் சங்கக்கார, மஹேல ஜயவர்தன ஆகியோரோடு சேர்ந்து திறந்த 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்' உணவகத்தில் நண்டுக்கு நிறைவாரியாகப் பெயர் இருக்கிறது. அரைக் கிலோவில் தொடங்கி, இரண்டு கிலோ இராட்சத நண்டுக்கு 'கிராப்ஸில்லா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த அளவுக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டுதான் ஆள் சட்டைப்பையில் கை வைக்கிறார். கற்பிட்டியில் அந்த ஆடம்பரம் தேவையில்லை. நண்டை உயிரோடு மேசைக்குக் கொண்டுபோய், அவர்கள் கண் முன்னால் நிறுத்து, சமைத்துத் தர இவ்வளவு, ஆக நாற்பது நிமிடம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். வெள்ளைக்காரரின் முறைப்பாட்டுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. நேரம் தெரிந்தால் மனிதர் கடற்கரையில் ஒரு நடை போய்விட்டு வருவார்.

ஆள் பார்த்து விலை சொல்வதன் உச்சக்கட்டத்தை 2024 ஏப்ரலில் நாடே பார்த்தது. கொழும்பு புதுக்கடையில் வெளிநாட்டு யூடியூபர் ஒருவர் கொத்து விலை கேட்க, கடைக்காரர் 1,900 ரூபாய் என்றார், பேச்சு முற்றியது, காணொளி பரவியது, கடைக்காரர் பொலிஸில் நின்றார். அந்தக் கொத்து ருசியாக இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. வெள்ளைத் தோலுக்கு ஒரு விலை, உள்ளூருக்கு ஒரு விலை என்ற பழக்கம் கற்பிட்டியிலும் எட்டிப் பார்க்கிறது. ஒரே விலைப் பலகை, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும், வாசலிலேயே வையுங்கள். இதை நல்லெண்ணம் என்று யாரும் பாராட்டப் போவதில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் விலையைக் காட்சிக்கு வைக்கத்தான் சொல்கிறது, முறைப்பாட்டுக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது.

ஆறாயிரம் ரூபாய்ச் சாப்பாட்டை ஒரு தண்ணீர்ப் போத்தல் கெடுத்துவிடும். 2025 ஏப்ரலிலிருந்து அரை லீற்றர் போத்தலுக்கு 70 ரூபாய், ஒரு லீற்றருக்கு 100 ரூபாய் என்று உச்ச விலை நடைமுறைக்கு வந்தது. கடையில் ஒரு லீற்றர் போத்தலை 150 என்று பில் போட்டால், நண்டுக்கு மறுபேச்சின்றிக் காசு வைத்தவர்கூட அந்த ஐம்பது ரூபாயைப் பற்றித்தான் ஊர் முழுக்கப் பேசுவார். மாட்டினால், 2021இல் திருத்திய சட்டப்படி தனி ஆளுக்குக் குறைந்த தண்டமே ஒரு இலட்சம். எத்தனை போத்தல் விற்றால் அந்தக் காசு திரும்பி வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பில்லின் அடியில் பத்து வீதம் சேவைக் கட்டணம் சேர்ப்பதானால் அதையும் அந்தப் பலகையிலேயே எழுதுங்கள். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். பதிவு செய்யாத சின்னக் கடை அதை அறவிட முடியாது. ஆனாலும் "வற்" என்று ஒரு வரி போட்டுச் சில்லறை சேர்க்கும் முதலாளிமாரை இந்தக் கரையில் காணலாம்.

பியர் விஷயம் தனி. கொழும்புக் கூட்டம் நீண்ட வார இறுதியைப் பார்த்துத்தான் கிளம்பும். அதில் பெரும்பாலும் ஒரு பௌர்ணமிப் போயா நாள் இருக்கும், போயா அன்று மது விற்கக் கூடாது. நாலு மணித்தியாலம் வாகனம் ஓட்டி வந்தவருக்கு மேசையில் உட்கார்ந்த பிறகு அதைச் சொன்னால் முகம் சுருங்கத்தான் செய்யும். பிறகு வருகிற மீனிலும் அவர் பிழை பிடிப்பார். போனில் மேசை கேட்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்பதும் 2006ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே வாடிக்கையாளரின் கருத்துக்கு இடமே இல்லை.

முறைப்பாட்டை நேருக்கு நேர் கேட்டுப் பழக, தெற்கே மாதம்பை, மாரவில, வென்னப்புவப் பக்கத்துக் கள்ளுத் தவறணைகளில் ஒரு காலைப்பொழுது இருந்து பார்ப்பது நல்லது. தென்னங்கள்ளு இறக்கிய நேரம் தொட்டுப் புளித்துக்கொண்டே போகிற சரக்கு. காலையில் இனித்தது பின்னேரத்தில் முகத்தைச் சுளிக்க வைக்கும். வாடிக்கைக்காரர் முதல் மிடறிலேயே "நேற்றையதா?" என்று கேட்டுவிடுவார், தவறணைக்காரரும் ஆம், இல்லை என்று உடனே சொல்லியாக வேண்டும். பொய் சொன்னால் நாளைக்கு அந்த ஆள் அடுத்த தவறணையில் இருப்பார். வாய்க்கு வாய் நடக்கும் இந்த விசாரணையில் ரோஷப்பட நேரமில்லை. கடற்கரைக் கடைக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய மரியாதை அது.

கடைசியாக, ஆகச் சிரமமான முறைப்பாடு: "முந்தி மாதிரி இல்லை, கை மாறிப்போச்சு." சமையல்காரர் மாறவே இல்லை என்று சத்தியம் பண்ணத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 வீதத்தைத் தொட்டது. 2025 தொடக்கத்தில் தென்னை முக்கோணத்தில் அடங்கும் இந்தப் புத்தளம் மாவட்டத்துச் சந்தையிலும் ஒரு தேங்காய் 200 ரூபாயை எட்டியது. அதே ஆண்டு உப்பளம் நிறைந்த புத்தளத்தில் மழை அடித்து, நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது. அந்த நெருக்கடியில் பல அடுப்புகளில் கை மாறவில்லை, முதல்பால் குறைந்தது. ஒரு சட்டி மீன்குழம்புக்கு இரண்டு தேங்காய் போட்ட இடத்தில் ஒன்றைப் போட்டு, கெட்டித்தன்மைக்கு மாவைக் கரைத்து ஊற்றினார்கள். விலைப் பலகையில் பழைய விலையே இருந்தது, நாக்குக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்தது. இரண்டு தேங்காயையும் போட்டு, பீங்கானுக்கு ஐம்பது ரூபாய் கூட்டி, தேங்காய் விலையால் கூட்டினோம் என்று பலகையில் ஒரு வரி எழுதியிருக்கலாம். தேங்காய் இறங்கும் மாதத்தில் அந்த ஐம்பதை அழிக்கவும் மறக்கக் கூடாது. வாடிக்காரர் அதைத்தான் முதலில் கவனிப்பார்.