முதலில் கட்டுரை, பிறகு விளம்பரம்

இணைய தளம் ஒன்று தொடங்கி, கூகுள் ஆட்சென்ஸ் மூலம் விளம்பரம் பெற்றுச் சம்பாதிக்கலாம் எனப் பலர் விரும்புகின்றனர். 2003ல் தொடங்கப்பட்ட இத்திட்டம், 2018 முதல் தமிழ்த் தளங்களையும் ஏற்கிறது. ஆனால் தளத்தைத் திறந்த மறுநாளே விண்ணப்பித்தால், ஏமாற்றமே கிடைக்கும்.

ஆட்சென்ஸ் உங்கள் பக்கத்தில் உள்ள சொற்களைப் படித்து, அதற்கேற்ற விளம்பரத்தைத் தேர்ந்தெடுக்கிறது. படிப்பவரின் விருப்பங்களையும் கணக்கில் எடுத்துக் கொள்ளும். மாடித் தோட்டம் பற்றி எழுதினால் விதை, பூந்தொட்டி விளம்பரங்கள் வரலாம். எனவே நீங்கள் நன்கு அறிந்த ஒரு பொருளை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். ஜோதிடம், சினிமா, சமையல் என எல்லாவற்றையும் ஒரே தளத்தில் கொட்ட வேண்டாம்.

பிற தளங்களில் இருந்து காப்பி செய்து பேஸ்ட் செய்த கட்டுரைகள், "விரைவில் வரும்" என்று காலியாக நிற்கும் பக்கங்கள் ஆகியவை இருந்தால் அனுமதி கிடைப்பது கடினம். சொந்தமாக எழுதிய பதினைந்து கட்டுரைகளாவது சேர்ந்தபின் விண்ணப்பியுங்கள். (இது என் கணக்கு, கூகுள் எண்ணிக்கை எதுவும் விதிக்கவில்லை.) பிரைவசி பாலிசி பக்கமும் தேவை. விண்ணப்பிப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாணவர்கள் பெற்றோரின் அக்கவுண்ட்டில் விண்ணப்பிக்கலாம். பரிசீலனைக்குச் சில நாட்கள், சில வேளைகளில் 2 முதல் 4 வாரங்கள் ஆகும்.

அனுமதி கிடைத்தபின் உங்கள் தள விளம்பரங்களில் நீங்களே கிளிக் செய்திட வேண்டாம். நண்பர்களையும் கிளிக் செய்யச் சொல்லாதீர்கள். அக்கவுண்ட்டையே மூடிவிடுவார்கள். வருமானம் 10 டாலரை எட்டியதும் பின் எண் தபாலில் வரும். ஆகவே வீட்டு முகவரியைப் பிழையின்றி டைப் செய்திடுங்கள்.