கனசதுரத்தை வகுத்தது எது?

நிக்கல் உலோகக்கலவைகளின் நுண்ணமைப்பைப் பற்றிப் பேச்செழும் இடமெல்லாம், மாணவர் விடைத்தாளிலும், பயிற்சி நிலையங்களின் குறிப்பேடுகளிலும், சில சமயம் அனுபவம் முதிர்ந்த பொறியாளர் வாயிலும், ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த வண்ணம் இருக்கிறது: காமா பிரைம் என்னும் வீழ்படிவு கனசதுர வடிவில் இருப்பதற்குக் காரணம், அதன் படிகம் கனசதுரப் படிகம் என்பதுதானாம். உப்புக்கல்லின் சதுர முகங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் உப்பு நீரில் தன்னிச்சையாக வளர்வது, வீழ்படிவோ நாற்புறமும் திடப்பொருள் இறுக்கிப் பிடித்திருக்க அதனுள்ளே வளர்வது. இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துவிட்டு எழுதப்படும் விளக்கம் எத்தனை நூல்களில் அச்சேறினாலும் தவறு தவறுதான்.

முதலில் பிரத்யட்சப் பிரமாணத்தைப் பார்ப்போம். அலுமினியத்தில் சிறிது தாமிரத்தைக் கரைத்து, விரைந்து குளிர்வித்து, அறை வெப்பத்தில் முதிர விட்டால் தோன்றும் தாமிரச் செறிவிடங்களை 1938-இல் கீனியேயும் பிரஸ்டனும் தனித்தனியே ஊடுகதிர்ச் சிதறலால் கண்டறிந்தனர். அவை ஓர் அணுத் தடிப்பும் சுமார் 100 ஆங்ஸ்ட்ராம் அகலமும் உள்ள மெல்லிய வட்டத் தகடுகள். தாமிரத்துக்குப் பதிலாக வெள்ளியைக் கரைத்துப் பாருங்கள்: அதே அலுமினியத்தில், அதே முகமையக் கனசதுர அணிக்கோவையில், உருண்டைகள் தோன்றுகின்றன. அணிக்கோவை ஒன்றாயிருக்க வடிவம் மட்டும் ஏன் மாறியது? அலுமினிய அணுவின் ஆரம் 1.43 ஆங்ஸ்ட்ராம், வெள்ளியினது ஏறத்தாழ 1.44, தாமிரத்தினதோ 1.28 என்ற மூன்று எண்களில் விடை இருக்கிறது. வெள்ளி இடத்துக்குப் பொருந்தி அமர்கிறது. தாமிரம் பத்தில் ஒரு பங்கு குறைந்து நின்று சுற்றியுள்ள அணுக்களை உள்ளிழுக்கிறது, அந்த இழுப்பின் திரிபு ஆற்றலைக் குறைக்கவே தகடாகத் தட்டையாகிறது. கனசதுரப் படிகம் கனசதுரத் துகளைத்தான் தரும் என்பவர்கள் இந்தத் தகட்டையும் அந்த உருண்டையையும் எங்கே வைப்பார்கள்?

நிக்கலுக்கே வருவோம். காமா பிரைம் துகள், சில பத்து நானோமீட்டருக்கும் சிறியதாயிருக்கையில், பெரும்பாலும் உருண்டையாகவே இருக்கிறது. வளர வளரத்தான் முகங்கள் தட்டையாகி மூலைகள் எழுகின்றன. இடைமுக ஆற்றல் பரப்பளவைப் பொறுத்துப் பெருகுவது, திரிபு ஆற்றல் கன அளவைப் பொறுத்துப் பெருகுவது. ஆகவே சிறுமையில் முன்னது ஆளுகிறது, பெருமையில் பின்னது ஆளுகிறது. துகளுக்கும் அதைச் சூழ்ந்த தாய்ப்பொருளுக்கும் உள்ள அணிக்கோவை வேறுபாடு 0.2 சதவிகிதத்துக்குள் அடங்கினால் உருண்டையும், அரை முதல் ஒரு சதவிகிதம் வரை கனசதுரமும், அதற்கும் மேற்பட்டால் தகடும் என்பது இத்துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் உத்தேசக் கணக்கு. இத்தனை மாற்றத்திலும் துகளின் படிக அமைப்பு அணுவளவும் மாறுவதில்லை.

மாறாத ஒன்று மாறும் ஒன்றுக்குக் காரணமாக முடியாது. உண்மைக் காரணம் தாய்ப்பொருளின் மீள்திறனில் உள்ள திசை வேற்றுமை. நிக்கல் படிகத்தைக் கனசதுர விளிம்பின் திசையில் இழுத்தால் அதன் யங் குணகம் ஏறத்தாழ 137 கிகாபாஸ்கல். மூலைவிட்டத் திசையில் இழுத்தாலோ 300-ஐத் தாண்டுகிறது. மெத்தென்ற அந்த விளிம்புத் திசைகளை நோக்கித் தன் முகங்களைத் திருப்பிக்கொள்வதே துகளுக்கு ஆற்றல் சிக்கனம். இந்தத் திசை வேற்றுமை அடியோடு இல்லாமல், இரு பொருள்களின் மீள்குணகங்களும் சமமாகவும் இருந்தால், எல்லாப் புறமும் சமமாக விரிய முயலும் துகளின் திரிபு ஆற்றல் வடிவத்தைச் சார்ந்திருப்பதே இல்லை, அண்டைத் துகள்களுக்கிடையே இடைவினை ஆற்றலும் எழுவதில்லை என்பது மீட்சியியலில் நிறுவப்பட்ட தேற்றம். அந்த நிபந்தனை உடைந்த இடத்தில்தான் துகள்கள் ஒன்றையொன்று உணர்கின்றன: 1966-இல் ஆர்டெலும் நிக்கல்சனும் நிக்கல்–அலுமினியக் கலவையில் கண்டபடி, ஆரம்பத்தில் சிதறிக் கிடந்த துகள்கள் முதிர முதிர விளிம்புத் திசைகளில் வரிசை பிடித்து நிற்கின்றன. கனசதுரச் சமச்சீர்மைக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. மெத்தென்ற திசைகள் மூன்று, அவை ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதை வகுப்பது அதுவே. எனினும் நிக்கலின் மீள்குணகங்கள் தலைகீழாக அமைந்து மூலைவிட்டமே மெத்தென்றிருந்தால், அதே சமச்சீர்மை இந்தக் கனசதுரத்தைத் தந்திராது.

இன்னும் சந்தேகம் உள்ளவர்கள் 1971-இல் டியனும் கோப்லியும் உடிமெட் 700 கலவையின் ஒற்றைப்படிகங்களை வெப்பத்தில் தகைவுக்கு உட்படுத்திப் பெற்ற படங்களைப் பார்க்கட்டும். விளிம்புத் திசையில் இழுத்தபோது கனசதுரங்கள் இழுவைக்குக் குறுக்கான தகடுகளாயின; அமுக்கியபோது அமுக்கும் திசையில் நீண்டன. விசையாழி இதழ்களில் பல மணி நேர ஓட்டத்துக்குப் பின் காணும், துகள்கள் தட்டையாக ஒன்றிணைந்த தெப்ப அமைப்பு இதன் நேர் உறவினம்.

மற்ற தப்பெண்ணங்களை விரைவிலேயே முடிக்கலாம். வெளியிலிருந்து பளு ஏற்றினால்தான் உள்ளே தகைவு எழும் என்பது பொய். பொருந்தா அணிக்கோவை இரண்டும் ஒட்டி நிற்பதே போதும். பொருந்தாமையைப் பூச்சியமாக்குவதே கலவை வடிவமைப்பின் லட்சியம் என்பது அரைகுறை. ஒற்றைப்படிகக் கலவைகள் பலவற்றில் சிறிதளவு எதிர்மறைப் பொருந்தாமை, அதாவது துகளின் அணிக்கோவை தாய்ப்பொருளினதைவிடச் சற்றே சிறிதாயிருப்பது, விரும்பியே வைக்கப்படுகிறது. பெரிய துகள் சிறியதை விழுங்கி, ஆரத்தின் முப்படி காலத்துக்கேற்ப வளரும் என்ற 1961-ஆம் ஆண்டு விதி, துகள்கள் மிக அரிதாகச் சிதறி மீள்விசை இடைவினையின்றி இருக்கும் நிலைக்கு எழுதப்பட்டது. துகள்களே முக்கால் பங்கை நெருங்கும் இதழ்க்கலவைக்கு அதை அப்படியே பிரயோகிப்பது அசட்டுத் துணிச்சல்.

இந்தப் பிழையான வாக்கியத்தை வாழவைப்பவை நம் பாடநூல்களின் படங்களே என்பது என் திடமான அபிப்பிராயம். அளவுகோல் கிடையாது, படிகத் திசைக்குறி கிடையாது, எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் முதிர்ந்த மாதிரி என்ற விவரம் கிடையாது. இவை மூன்றும் அற்ற படத்தைப் பார்க்கும் மாணவன், கனசதுரம் அதன் பிறவி வடிவம் என்று நம்பாமல் என்ன செய்வான்? நுண்ணமைப்புப் படம் அச்சிடும் எவரும் இம்மூன்றையும் சேர்த்தே அச்சிட வேண்டும். தேர்வு வினா எழுதுவோர் ‘காமா பிரைம் துகளின் வடிவம் யாது’ என்று கேட்பதை விட்டு, ஒரே கலவையின் பத்து மணி நேர, ஆயிரம் மணி நேரப் படங்களை அருகருகே கொடுத்து, மாறியது ஏன் என்று கேட்கட்டும்.