மட்டப்பா வீட்டுக்குச் சூரிய மின்சாரம்: இடிக்காமல் மாற்றுவது எப்படி?



விதைக்கும் உரத்துக்கும் கடையை நம்பாத உழவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மின்கம்பியையும் சிலிண்டரையும் நம்பித்தான் இருக்கிறார். தற்சார்பு வயல் வரப்போடு நின்றுவிடக் கூடாது.

"பழைய வீட்டுல சோலார் நிக்காது அண்ணாச்சி, இடிச்சுட்டு கான்கிரீட் போடுங்க" என்ற பேச்சு சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. இடிக்க வேண்டியதில்லை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'சோலார் சுரேஷ்' என்று அறியப்படும் சுரேஷ், குடியிருந்த வீட்டிலேயே 2012-ல் 1 கிலோவாட் அமைப்பைப் பேட்டரியோடு வைத்தார். சாண எரிவாயுக் கலன் போல சமையல் கழிவில் ஓடும் ஒன்று, மழைநீர் சேகரிப்பு, மாடித் தோட்டம் எல்லாம் அதே வீட்டில் உண்டு. நகரத்தில் முடிந்தது, மாடும் களமும் உள்ள நமக்கு இன்னும் எளிது.

முதலில் வீட்டைப் பாருங்க

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பி உதிரும். பழுது பார்க்க சுண்ணாம்புக் கலவையே போதும். கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் சேர்ப்பது நம்ம கொத்தனார்கள் அறிந்த முறைதான். முற்றத்தைத் தகரம் போட்டு மூடாதீங்க, காற்றும் வெளிச்சமும் அதுவழிதான் வருது. மட்டப்பாவுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே பட்டாசலில் சூடு குறையும்.

உத்தரத்தையும் பனங்கைகளையும் கம்பியால் குத்திப் பாருங்க. பொதபொதவென்று இறங்கினால் கரையான் வேலை. அதை மாற்றாமல் மேலே பாரம் ஏற்றக் கூடாது.

அடுத்து செலவைக் குறைங்க

சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நாலு விசிறி தினம் 10 மணி நேரம் ஓடினால் 3 யூனிட் ஆகும். விசிறியை மாற்றினால் அது 1.2 யூனிட்தான். மிச்சம் 1.8 யூனிட். 1 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு 4 யூனிட் தரும் என்பதால், கிட்டத்தட்ட அரை கிலோவாட் பேனல் வாங்கும் செலவு இங்கேயே மிச்சம்.

பேனல் எங்கே?

1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேணும். நம்ம ஊரில் தெற்குப் பார்த்து, 10 பாகை சாய்வில் வைக்கலாம். மட்டப்பாவின் நடுவில் துளை போட்டால் அடுத்த ஐப்பசியிலேயே ஒழுகும். தாங்கு கால்கள் சுவருக்கு நேர் மேலே நிற்கணும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை மறந்துடாதீங்க. பிடிமானம் உறுதியாக இருக்கணும். கூரை தாங்காது என்று பட்டால் மாட்டுக் கொட்டகையிலோ களத்து ஓரத்திலோ வைப்பதே நல்லது.

பேட்டரி வேண்டுமா?

2023 டிசம்பர் 17, 18 பெருமழையை நினைச்சுப் பாருங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஆபத்து வரக் கூடாது என்று அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியம் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2-க்கு ரூ.60,000, 3-ம் அதற்கு மேலும் ரூ.78,000. இது மின்வாரிய இணைப்போடு கூடிய அமைப்புக்குத்தான். மானியம் இருக்கிறதே என்று பெரிதாக வைக்காதீங்க. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வாங்கும் சின்னக் குடும்பத்துக்குப் போட்ட பணம் திரும்ப நாளாகும்.

இரவுக்கு மட்டும் சின்னப் பேட்டரி போதும். இரண்டு விசிறி 8 மணி நேரம், மூணு எல்.இ.டி. விளக்கு 4 மணி நேரம் என்றால் சுமார் 600 வாட்-மணி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1800 இருக்கும்; ஆயுசு கருதிப் பாதியை மட்டும் எடுத்தாலும் 900 கிடைக்கும். காற்றோட்டமான இடத்தில், வெள்ளம் எட்டிய அளவுக்கு மேலே வையுங்க.

அடுப்பும் தண்ணீரும்

தினம் 25 கிலோ சாணம், அதாவது ரெண்டு மூணு மாடு இருந்தால், 1 கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். கலனிலிருந்து வரும் சாணக் கரைசல் வயலுக்கு உரம். 1000 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. முதல் மழையைக் கழுவ விட்டு, அடுத்ததைத் தொட்டியிலோ கிணற்றிலோ சேருங்க.

இந்த மாத வேலை

ஏழு நாள் காலையில் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுங்க. எந்தக் கருவி எத்தனை மணி நேரம் ஓடியது என்று வீட்டில் இருக்கிற பெண்களிடம் கேளுங்க, கணக்கு அவங்களுக்குத்தான் தெரியும். மண்ணைப் பார்க்காமல் விதைப்பதில்லை. மீட்டரைப் பார்க்காமல் பேனலுக்கு முன்பணம் கொடுக்காதீங்க.