காற்புள்ளி செய்யும் வேலை

ஒரு லயத்தில் இருபது வீடுகள் உள்ளன எனக் கொள்வோம். மழைக்காலத்தில் இருபதும் ஒழுகுகின்றன. நிர்வாகத்திற்கு ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டும். "கூரை ஒழுகும் வீடுகளைப் பழுதுபார்த்துத் தர வேண்டும்" என்பதே நம் எண்ணம்.

இத்தமிழ் வாக்கியம், எல்லா வீடுகளும் ஒழுகுகின்றனவா, சில மட்டுமா என்பதைச் சொல்லவில்லை. 'ஒழுகும்' என்னும் பெயரெச்சம் இரு பொருளுக்கும் ஒரே வடிவில் இடங்கொடுக்கிறது. கேட்பவர் நம் லயத்தவராயின் குழப்பமில்லை. ஆங்கிலமோ எழுதும்போதே முடிவு செய்யச் சொல்கிறது.

"தி ஹவுசஸ் விச் ஹேவ் லீக்கிங் ரூஃப்ஸ் மஸ்ட் பி ரிப்பேர்ட்" எனக் காற்புள்ளியின்றி எழுதினால், வீடுகளுள் ஒழுகுபவை மட்டும் என்று பொருளாகும். உடனே, 'அவை எவை?' என்ற கேள்வி பிறக்கும். வெயில் நாளில் பார்க்க வருபவர் மூன்று வீடுகளில் மட்டும் கறை கண்டு திரும்பினால், நம் வாக்கியமே அவருக்குத் துணை நிற்கும்.

"தி ஹவுசஸ், விச் ஹேவ் லீக்கிங் ரூஃப்ஸ், மஸ்ட் பி ரிப்பேர்ட்" என இருபுறமும் காற்புள்ளியிட்டால், எல்லா வீடுகளும் ஒழுகுகின்றன, எல்லாவற்றையும் பழுதுபார்க்க வேண்டும் என்று பொருள்படும். நாம் கேட்க விரும்பியது இதுவே. முதற் புள்ளியை இட்டு, இரண்டாவதை மறப்பது பலரும் செய்யும் பிழை.

எப்போது புள்ளி இடுவது? அடைத்தொடரை நீக்கிப் பார்க்கலாம். நீக்கிய பின்னும் நாம் குறித்தது மாறாமல் இருந்தால் புள்ளி வேண்டும். தந்தை ஒருவரே, ஆதலால் "மை ஃபாதர், ஹூ இஸ் எ டாப்பர், கெட்ஸ் அப் அட் ஃபைவ்" என்பதே சரி. புள்ளிகளை விட்டுவிட்டால், பால்வெட்டாத தந்தை இன்னொருவர் இருப்பதுபோல் தொனிக்கும்! பள்ளிக்கூடத்தில் பிள்ளை எழுதும் கட்டுரையில் இதைக் கவனிப்பது நன்று. தம்பியர் இருவர் இருந்து, ஈப்போவில் வசிப்பவரை மட்டும் குறிப்பதாயின், "மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் ஈப்போ" எனப் புள்ளியின்றி எழுதவேண்டும்.

'தட்' என்னும் சொல் புள்ளியில்லாத தொடருக்கே உரியது. காற்புள்ளிக்குப் பின் 'ஹூ' அல்லது 'விச்' வரும்.

மனுவை அனுப்புமுன் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்கலாம். காற்புள்ளி உள்ள இடத்தில் குரல் சற்று நிற்கும். இல்லாத இடத்தில் நில்லாது ஓடும்.